நாகக் கிணற்றுக்குக் கற்பூரம்

என் மாமியார் எனக்கு ஒரு கெடு வைத்திருந்தார். தை பிறப்பதற்குள் என் வயிற்றில் ஏதாவது தங்க வேண்டும். தங்காவிட்டால், யாங்கோனுக்குப் பக்கத்தில் இன்சீனில் பார்த்து வைத்திருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குத் தாம்பூலத் தட்டோடு போய்விடுவார். அந்தப் பெண் என் வீட்டுக்காரருக்கு இரண்டாந்தாரமாக வருவாள். நான் பசுந்தாங்கில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் பெட்டியைக் கட்ட வேண்டும். இதை அவர் கத்தியோ அழுதோ சொல்லவில்லை. க்யிம்யிண்டைங் சந்தையில் வாங்கி வந்த புளிச்சகீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

"ஒன் கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. ஆனா எனக்கு இருக்குறது ஒத்தப் புள்ள" என்றார்.

அந்த ஒத்தப் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் புகையைப் பார்த்தார். அத்தை எழுந்து அடுப்படிக்குப் போன பிறகு, "கெய்ஸா மஷிபூ" என்றார். ஒன்றும் பிரச்சினை இல்லை என்பதைப் பர்மியர் அப்படிச் சொல்வார்கள். ஆற்றுத் தண்ணீர் வாசலுக்கு வந்தாலும் அவருக்குக் கெய்ஸா மஷிபூதான், மின்சாரம் போனாலும் கெய்ஸா மஷிபூதான். பெண்டாட்டியை மாற்றப் போகிறார்கள் என்றாலும் அதே கெய்ஸா மஷிபூதானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீரைக் காம்புகளை வாரிக் குப்பையில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் பாதியில் யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், நடந்தது இது. என் வீட்டுக்காரர் டீசல் எஞ்சின் மெக்கானிக். படகு எஞ்சின், அரிசி ஆலை எஞ்சின், எது மூச்சை நிறுத்தினாலும் அவரைக் கூப்பிடுவார்கள். எஞ்சினிடம் மணிக்கணக்காகப் பேசுவார், மனுஷரிடம் கல்லுளிமங்கன். நான் சந்தையில் ஒரு மூலையில் தையல் எந்திரம் போட்டு எஞ்சி தைத்துக்கொண்டிருந்தேன். எஞ்சி என்றால் இங்கே பெண்கள் இடுப்பில் கட்டும் லொஞ்சிக்கு மேலே போடும் சட்டை. என்னிடம் வரும் வேலையில் பாதி, பிள்ளைத்தாய்ச்சிகளின் எஞ்சியைப் பிரித்து வயிற்றுக்கு அகலம் விடுவது. தையலைப் பிரிக்கும்போது, "உனக்கு எப்போது?" என்று கேட்காத வாடிக்கைக்காரி கிடையாது.

கல்யாணமான சில வருஷங்களில் நாங்கள் இரண்டு பேரும் டவுனில் ஒரு டாக்டரிடம் போய்ப் பரிசோதனை செய்துகொண்டோம். முடிவைக் கேட்க அவர்தான் போனார். எனக்கு அன்று கடை. சாயங்காலம் வந்து, "ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லையாம். கடவுள் மனசு வைக்கணும்னு சொல்லிட்டாரு" என்றார். டாக்டரே கடவுளைக் கைகாட்டிவிட்டால் நாம் என்ன செய்வது? அத்தை ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் போனார். ஜோசியர் என் கட்டத்தை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, நாகதோஷம் என்றார். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் பட்டினி கிடந்து, கோயிலில் அரசும் வேம்பும் சேர்ந்து நின்ற இடத்தில் இருக்கும் கல் நாகங்களுக்குப் பால் ஊற்றினேன். முட்டை சாப்பிடுவதை விட்டேன். கருவாட்டுக் குழம்பை விட்டேன். பாம்புப் படம் போட்ட தீப்பெட்டியைக்கூட நான் வாங்க மாட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஜோசியர் புதிதாக ஒன்று சொன்னார்: கல் நாகம் போதாது, நாகம் குடியிருக்கும் மண் புற்றுக்குப் பால் ஊற்ற வேண்டும். யாங்கோனில் புற்றுக்கு நான் எங்கே போவேன்? எங்கள் வீட்டில் இருந்த புற்றெல்லாம் தரைப் பலகையைத் தின்ற கரையான் புற்றுதான்.

அந்த நேரத்தில்தான் ஐஸ் ஆலை முதலாளி ஒருவர் என் வீட்டுக்காரரைத் தேடி வந்தார். அரக்கான் கரையோரம் யான்பியே என்று ஒரு தீவு இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ரம்ரீ என்பார்கள். அங்கே மீனுக்கு ஐஸ் போடும் அவருடைய ஆலையின் எஞ்சின் படுத்துவிட்டது. எழுப்பி நிறுத்த வாரக்கணக்காகும், தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு என்றார். அத்தை என்னையும் கூடவே அனுப்பினார். தனியாக இரண்டு பேரும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தாலாவது ஏதாவது நடக்காதா என்ற கணக்கு. ஒரு பித்தளைத் தட்டு, மஞ்சள், குங்குமம், ஒரு பொட்டலம் கற்பூரம் எல்லாம் என் பையில் அவர்தான் வைத்தார். எங்கேயாவது புற்றைக் கண்டால் விடாதே என்று சொல்லி அனுப்பினார். வேறு எதற்கு வைதாலும், இந்த விஷயத்தில் அவரை வையமாட்டேன். அவருக்குத் தெரிந்த வழியில் எனக்கு ஒரு வழி தேடத்தான் செய்தார்.

யோமா மலையைப் பஸ்ஸில் தாண்டும்போது வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. தாங்குப்பிலிருந்து படகில் போகும்போது, வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை என்ற நிம்மதி இருந்தது. தீவில் கால் வைத்ததும் முதலில் மூக்கில் ஏறியது மீன் நாற்றம். அடுத்தது மண்ணெண்ணெய் போல ஒரு வாடை. ஆலையின் மேஸ்திரி அரக்கான்காரர். அவர் பேசும் பர்மிய மொழி பாதிதான் எனக்கு விளங்கும். இங்கே மண்ணுக்குள்ளே எண்ணெய் இருக்கிறது, சில இடங்களில் கையால் தோண்டியே எடுக்கிறார்கள் என்றார். கடலுக்கு நடுவில் ராத்திரியோடு ராத்திரியாகச் சேற்றுத் தீவு ஒன்று முளைக்கும், அடுத்த மழைக்குள் கரைந்து போகும் என்றார். உள்ளே காட்டுக்குள் மேடுகள் இருக்கின்றன, அவற்றின் உச்சியில் சேறு கொதிக்கும், சில வருஷம் நெருப்பையே கக்கும், அதற்கு நாகக் கிணறு என்று பெயர், அடியில் நாகம் இருக்கிறது என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மண் மேடு, உச்சியில் துவாரம், உள்ளே நாகம். ஜோசியர் சொன்ன புற்று இதைத் தவிர வேறெது? என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எஞ்சினைப் பிரித்துச் சாக்கில் பரப்பி வைத்திருந்தவர் தலையைத் தூக்காமலே, "சேறு கொதிக்கிது. அதுக்குப் பாலா?" என்றார். அவருக்கு நாகத்தின் மேலும் நம்பிக்கை கிடையாது, ஜோசியர் மேலும் கிடையாது. எனக்கு அது அப்போது துணிச்சலாகத்தான் பட்டது.

அவர் பிடிவாதத்தை உடைத்தது ஒரு மலைப்பாம்பு. ஐஸ் கட்டியை உமியில் புதைத்து வைப்பார்கள். எஞ்சின் நின்று போனதிலிருந்து ஆலைக்குப் பின்னால் உமி மலை போலக் குவிந்து கிடந்தது. ஒரு நாள் காலையில் அடுப்புக்கு உமி அள்ளப் போனேன். கூடையை வைத்து வாரினால், உமிக்குக் கீழே ஏதோ தடுக்கியது. இன்னும் கொஞ்சம் வாரினேன். கட்டம் கட்டமாகத் தோல் தெரிந்தது. என் தொடை அளவு கனம். சுருள் சுருளாக அடுக்கி வைத்த கயிறு போலப் படுத்திருந்தது. மேலே தலையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. கண்ணைச் சிமிட்டவில்லை. ஓடவும் இல்லை, சீறவும் இல்லை. சுருளின் நடுவே வெள்ளையாக, கூட்டம் கூட்டமாக முட்டைகள். அதன் உடம்பு அவ்வப்போது விலுக் விலுக்கென்று நடுங்கியது. முட்டைக்குச் சூடு கொடுக்க அப்படி உடம்பை நடுக்கும் என்று பிறகு மேஸ்திரி சொன்னார்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பயம் என்று சொன்னால் அது பாதிதான். பாம்புக்குக்கூட இவ்வளவா என்றுதான் முதலில் நினைத்தேன். பொறாமை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. பாம்பைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மெதுவாகக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வாரின உமியைத் திரும்ப அதன் மேலேயே தூவிவிட்டு வந்தேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

நான் சொல்லாவிட்டால் என்ன, ஆலை ஆட்களுக்குக் கண் இல்லையா? மறுநாள் நான் துவைக்கப் போன நேரத்தில் நாலைந்து பேர் சேர்ந்து கம்பால் பாம்பை விலக்கிக் காட்டுக்குள் விரட்டிவிட்டு, முட்டைகளை அள்ளிக்கொண்டார்கள். மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தால், நடுவில் ஒரு சட்டி நிறைய முட்டைக் குழம்பு, சிவப்பாக எண்ணெய் மிதந்தது. மேஸ்திரியின் மனைவி, யாங்கோன் விருந்தாளி என்று எனக்கு முதலில் அகப்பையை நீட்டினாள். நான் முட்டை சாப்பிடுவதில்லை என்றேன். என் வீட்டுக்காரர் இரண்டாம் முறை போட்டுக்கொண்டிருந்தார்.

"கோழி முட்டை இவ்வளவு பெருசா வருமா? என்ன முட்டை இது?" என்று கேட்டேன்.

"பாம்பு முட்டை. நல்லா இருக்கு" என்று மென்றுகொண்டே சொன்னார்.

எழுந்து வெளியே ஓடினேன். உமிக் குவியல் கலைந்து கிடந்தது. அந்தப் பாம்பு போகவில்லை. வேலி ஓரத்தில் வெறும் உமியைச் சுற்றிச் சுருண்டு படுத்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த அழுகையை இன்றைக்கும் என்னால் சரியாக விளக்க முடியாது. அது பாவம் என்றும் அழுதேன், நான் கெட்டேன் என்றும் அழுதேன். நாகதோஷம் என்று வருஷக்கணக்காகப் பட்டினி கிடந்தவளின் புருஷன், நாகத்தின் வம்சத்தையே குழம்பில் தொட்டுத் தின்றுவிட்டார். ஒரு தோஷம் இப்போது ஏழு ஜென்மத்துக்கானது ஆகிவிட்டது. ஆலை ஆட்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் ஊர்ச் சாப்பாடு அவர்களுக்கு. இவருக்கு என்ன கேடு?

அன்று அவரிடம் சண்டை போட்டேன், ஆலையே வேடிக்கை பார்த்தது. நாகக் கிணற்றுக்கு என்னைக் கூட்டிப் போகாவிட்டால் தனியாக நடந்தே போவேன் என்றேன். அவர் முதன்முறையாகக் கெய்ஸா மஷிபூ சொல்லவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டு, நாளைக்குப் போகலாம் என்றார். மனுஷனுக்குள்ளே எங்கேயோ கொஞ்சம் கிலி தட்டியிருந்தது. அப்போது எனக்கு அது தெரியவில்லை, பிறகு யோசித்தபோது தெரிந்தது.

பசும்பால் அங்கே கிடைக்கவில்லை. டீக்கடையில் டின் பால் வாங்கித் தண்ணீரில் கரைத்து ஒரு போத்தலில் ஊற்றிக்கொண்டேன். சாமிக்குச் சர்க்கரை கூடினால் என்ன, கோபிக்காது என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். மேஸ்திரி தமக்குத் தெரிந்த படகுக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்தார். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், சுருட்டை வாயிலிருந்து எடுக்காத ஆள். என்னை 'அமா' என்று, அக்கா முறை வைத்துத்தான் கூப்பிட்டார். அங்கே அது மரியாதை.

அலையாத்திக் காட்டுக்குள் ஓடை குறுகிக்கொண்டே போனது. வேர்களின் மேல் குரங்குகள் உட்கார்ந்து நண்டைக் கல்லில் அடித்து உடைத்துத் தின்றன. சேற்றில் கண் துருத்திய மீன்கள் துடுப்பை ஊன்றி நடந்தன. என் வீட்டுக்காரர் ஒரு கையைத் தண்ணீரில் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு வளைவில் படகுக்காரர் துடுப்பை நிறுத்தி, உதட்டில் விரல் வைத்தார். கரையில் கிடந்த மரத்துண்டு வாயைத் திறந்தது. வாய்க்குள் வெளிர் மஞ்சளாக இருந்தது. பற்கள் மேலும் கீழுமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எங்கள் படகைவிட நீளமான முதலை. சத்தமே இல்லாமல் சேற்றில் வழுக்கித் தண்ணீருக்குள் போனது. அதன் பிறகு தண்ணீரில் ஒரு குமிழிகூட வரவில்லை, அதுதான் எனக்குக் குலைநடுக்கம். நான் என் வீட்டுக்காரரின் கையை வெடுக்கென்று இழுத்து என் மடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். கரை வரும் வரையில் அந்தக் கையை நான் விடவில்லை.

கரையிலிருந்து கொஞ்ச தூரம் காடு. அட்டைகளைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தோம். திடீரென்று மரங்கள் நின்றுவிட்டன. எதிரே புல் பூண்டு முளைக்காத வெட்டவெளி, நடுவில் சாம்பல் நிற மேடு. இரண்டாள் உயரம் இருக்கும். வடிவத்தில் அசல் புற்றேதான். படகுக்காரர் அடிவாரத்திலேயே நின்று, செருப்பைக் கழற்றினார். வாயிலிருந்த சுருட்டைத் தரையில் அழுத்தி அணைத்தார். என் வீட்டுக்காரரையும் அணைக்கச் சொன்னார். மேலே நெருப்பு ஆகாது என்றார். நான் பூரித்துப் போனேன். செருப்பில்லை, சுருட்டில்லை, என்ன பக்தி என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் கோயில் வாசலிலேயே புகைவிடுவதை எண்ணி வெட்கமாகக்கூட இருந்தது. அவர் மேலே வரவில்லை. நீங்கள் கும்பிட்டுவிட்டு வாருங்கள் என்று குந்தி உட்கார்ந்துவிட்டார். புத்தர் கோயிலில் தண்ணீர் ஊற்றுவது போல இந்த அம்மாவும் பாலை ஊற்றிவிட்டு வந்துவிடும் என்றுதான் அவர் எண்ணியிருப்பார்.

உச்சியில் ஒரு அண்டா அகலத்துக்குக் குழி. அதில் சாம்பல் சேறு பொதபொதவென்று கொப்பளித்தது. ஒரு கொப்புளம் எழும்பும், உப்பும், உடையும். உடையும்போது பெருமூச்சு போல ஒரு சத்தம். கையை நீட்டிப் பார்த்தேன், சேறு குளிர்ச்சியாக இருந்தது. கொதிக்கிறது, ஆனால் சுடவில்லை. அதிலேயே எனக்கு நம்பிக்கை முற்றிவிட்டது. நான் சுற்றிப் போய்க் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் குழிக்கு அந்தப் பக்கம், ஓரத்துக்குச் சற்றுக் கீழே, பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மஞ்சள் தூவினேன், குங்குமம் தூவினேன், பாலை ஊற்றினேன். சேறு அதை வாங்கிக்கொண்டது. குழம்பில் போன முட்டைகளுக்காக மன்னிப்புக் கேட்டேன். இன்சீன் பெண்ணின் பேச்சு நிற்க வேண்டும் என்று கேட்டேன். எனக்கு ஒரே ஒரு பிள்ளை கொடு என்று கேட்டேன். பிறகு, பூஜை என்று இருந்தால் தீபாராதனை இல்லாமலா? தட்டில் கற்பூரத்தை வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தேன்.

கற்பூரம் பற்றியதும் தட்டைத் தூக்கிக் குழிக்கு நேரே ஒரு சுற்றுச் சுற்றினேன். இரண்டாவது சுற்று முடியவில்லை.

பூமி 'தும்' என்றது. முதலில் நீலமாக ஒரு தகடு குழி முழுக்க ஓடியது. அடுத்த கணம் என் முகத்துக்கு முன்னால் ஓர் ஆள் உயரத்துக்கு நெருப்பு நின்றது. புருவம் பொசுங்கிய நாற்றம் எனக்கே அடித்தது. தட்டு எங்கே போனதென்று தெரியாது. பின்னால் சாய்ந்தேன், சேறு வழுக்கியது, மேட்டின் மறுபக்கமாகத் தலைகுப்புற உருண்டு கீழே விழுந்தேன். வாய், மூக்கு, கண் எல்லாம் சேறு. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. கையும் காலும் இருக்கின்றனவா என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை. நாகம் வந்துவிட்டது, என்னைத்தான் கேட்கிறது, அவ்வளவுதான் என்று அப்படியே கிடந்தேன்.

நெருப்பு மேலே சடசடத்தது. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அழுகை கேட்டது. முதலில் யாரென்று புரியவில்லை. என் வீட்டுக்காரர் அழுது நான் கேட்டதே இல்லை.

"சாமி, அவள விட்டுரு. கொறை எங்கிட்டதான். டாக்டரு எங்கிட்டதான் சொன்னாரு, எனக்குத்தான் புள்ள பொறக்காதுன்னு. நான்தான் மறைச்சேன். அவ ஒரு பாவமும் பண்ணல. முட்டையும் நான்தான் தின்னேன். என்ன எடுத்துக்க, அவள விட்டுரு."

ஒரு தடவை இல்லை. திரும்பத் திரும்பச் சொன்னார். நான் சேற்றில் கிடந்தபடி ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். நெருப்பு வந்தபோது என் உடம்பு ஆடியது. இதைக் கேட்டபோது உடம்பு கல்லாகிவிட்டது. வெள்ளிக்கிழமைப் பட்டினி, விட்ட முட்டை, எஞ்சியைப் பிரிக்கும்போது வாங்கிக்கொண்ட கேள்விகள், புளிச்சகீரை ஆய்ந்துகொண்டே வைத்த கெடு, எல்லாம் எனக்கு. குறை அவருக்கு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், எனக்கு இரண்டும் ஒரே படுக்கையில் இருந்திருக்கிறது. இன்சீன் பெண்ணைப் பற்றிப் பேசியபோதும் வாயைத் திறக்காத ஆள் அவர். அவளையும் கட்டிக்கொண்டு வந்து, அவள் தலையிலும் ஒரு நாகத்தை ஏற்றிவிட்டு, கெய்ஸா மஷிபூ என்று புகை விட்டிருப்பார்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. மேட்டைச் சுற்றி நடந்து அந்தப் பக்கம் போனேன். அவர் மண்டியிட்டுக் கையைத் தலைக்கு மேலே கூப்பியிருந்தார். தலை முதல் கால் வரை சாம்பல் சேறு பூசி, முடி விரிந்து, நெருப்பின் பக்கத்திலிருந்து நான் வருவதைப் பார்த்ததும் 'ஐயோ' என்று தரையில் விழுந்து என் காலைப் பிடித்துக்கொண்டார். என்னை நாகம் என்றே நினைத்துவிட்டார் போல.

"டாக்டரு எப்ப சொன்னாரு?" என்று கேட்டேன். என் குரல்தானா அது என்று எனக்கே சந்தேகம்.

அவர் தலையைத் தூக்கி என்னை அடையாளம் கண்டுகொண்டார். பொய் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"அன்னிக்கே" என்றார்.

அதற்குள் படகுக்காரர் ஓடி வந்துவிட்டார். எங்கள் இரண்டு பேரையும் கையைப் பிடித்துத் தரதரவென்று கீழே இழுத்துப் போனார். அடிவாரத்தில் விட்டுவிட்டு, வாங்கு வாங்கென்று வாங்கினார். நெருப்பு ஆகாது என்று தெளிவாகச் சொன்னேனே, பிறகும் நெருப்பைக் கொளுத்துகிற ஆட்கள் எந்த ஊர் என்று கேட்டார். சாமிக்குக் கற்பூரம் காட்டினேன் என்றேன். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் போகவில்லை. மண்ணுக்குள்ளிருந்து வருகிற காற்று, அடுப்பில் எரிகிற மாதிரி எரியும், அதற்காகத்தான் சுருட்டை அணைக்கச் சொன்னேன் என்றார். மாடு மேய்க்கிறவர்கள் தெரியாமல் கொளுத்தி இதற்கு முன்பும் எரிந்திருக்கிறதாம். சேறு பொங்கினால் தானே அணைந்துவிடும் என்றார். அவர் சொன்ன மாதிரியே, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய கொப்புளம் எழுந்து உடைந்து, நெருப்பு பொசுக்கென்று போய்விட்டது. என் புருவத்தையும் புறங்கையையும் காட்டினேன். ஏதோ இலையைக் கசக்கிக் கையில் வைத்துக் கட்டினார்.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். காற்று என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகத்தில் மெதுவாக ரத்தம் திரும்பியது. எஞ்சின்காரர் அல்லவா, காற்று எரியும் கணக்கு அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. படகில் ஏறி உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமினார்.

"பயத்துல என்னென்னமோ ஒளறிட்டேன். அதெல்லாம் மனசுல வச்சிக்காத. கெய்ஸா மஷிபூ" என்றார்.

அன்றைக்கு நான் பார்த்த பாம்பு, முதலை, நெருப்பு எல்லாவற்றையும்விட என்னைத் தூக்கிவாரிப்போட்டது இந்தப் பேச்சுத்தான். காலைப் பிடித்த ஈரம் காயவில்லை, அதற்குள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார். அவர் சேற்றைக் கழுவக் கையைத் தண்ணீரில் விட்டார், அப்படியே தொங்கப் போட்டுக்கொண்டார். முதலை இறங்கிய அதே வளைவு வந்தது. வரும்போது அந்தக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டவள் நான். இப்போது பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். படகுக்காரர்தான் துடுப்பால் அவர் தோளைத் தட்டிக் கையை உள்ளே வைக்கச் சொன்னார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கே என்னைக் கண்டு பகீரென்கிறது. ஆனால் அந்த நிமிஷத்தில் அப்படித்தான் இருந்தேன்.

எஞ்சின் ஓட ஆரம்பிக்கும் வரை தீவில் இருந்தோம். சமைத்தேன், துவைத்தேன், பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது சாதாரண விஷயமில்லை. ஆலை ஆட்களே, அமாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். அந்த மலைப்பாம்பு எப்போது போனதோ தெரியவில்லை, வேலி ஓரத்தில் அது படுத்த தடம் மட்டும் இருந்தது. நான் அங்கே நின்று யோசித்தேன். இவருக்குப் பிள்ளை இல்லாதது குற்றமில்லை. அதை வந்து சொல்லியிருந்தால், கெய்ஸா மஷிபூ என்று நானே சொல்லியிருப்பேன். தத்து எடுத்திருப்போம், எடுக்காமலும் இருந்திருப்போம். என்னை வருஷக்கணக்காகப் புற்றைத் தேடி அலைய விட்டதுதான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவர் அம்மாவிடம் நானே போய்ச் சொல்லலாம். ஆனால் மலட்டு மருமகள் புருஷன் மேல் பழி போடுகிறாள் என்றுதான் ஊர் சொல்லும். சொல்ல வேண்டிய வாய் அவருடையது.

யாங்கோன் வந்து சேர்ந்தபோது அத்தை கூடத்தில் முறத்தை வைத்து உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். புருவம் எங்கே என்று கேட்டார். கையைத் தூக்கித் தழும்பைப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் மறைக்க விரும்பவில்லை. என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகுதான் கேட்டார்.

"புத்து கெடச்சுதா? நாகம் பால ஏத்துக்கிச்சா?"

என் வீட்டுக்காரர் சாமி படங்களுக்குக் கீழே பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவர் முதுகு அப்படியே நின்றுவிட்டது. நான் பதில் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் பையைத் திறந்தேன். பித்தளைத் தட்டு தீவிலேயே போய்விட்டது, அதனால் ஒரு சோற்றுத் தட்டை எடுத்து என் வீட்டுக்காரர் காலடியில் வைத்தேன். பொட்டலத்தில் மிச்சம் இருந்த கற்பூரம் முழுவதையும் அதில் கொட்டினேன். அத்தை ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தேன்.

"அம்மா, இன்சீனுக்குத் தட்டு எடுத்துக்கிட்டுப் போவாத" என்றார் அவர். "கொறை இவகிட்ட இல்ல."

குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.